ஜிஐஎஸ்-இல் போட்ட காசு எந்தக் கணக்கில் திரும்பி வருகிறது?

கம்பிவரைபடம்:

மின் பகிர்மான நிறுவனம் ஒன்றில் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை, அதாவது கணினி வரைபடமும் அதோடு சேர்ந்த தரவும்) பிரிவில் இருக்கிறேன். சப்ஸ்டேஷனில் தொடங்கி ஃபீடர் (அங்கிருந்து கிளம்பும் மின்பாதை), டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், கேபிள், மீட்டர் வரை எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றியாகிவிட்டது. அதாவது, ஏற்றியதாகக் கணக்கு. நாங்கள் பயன்படுத்தும் ஆர்க்மேப் என்ற வரைபட மென்பொருளுக்கு அதைத் தயாரிக்கும் எஸ்ரியின் ஆதரவு 2026 மார்ச் 1 வரைதான் என்பதால், அதன் பழைய இணைப்புத் தரவு அமைப்பான ஜியோமெட்ரிக் நெட்வொர்க்கில் இருப்பதைப் புதிய அமைப்பான யுட்டிலிட்டி நெட்வொர்க்குக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு உரிமக் கட்டணம், சர்வர், தரவுச் சுத்திகரிப்பு என்று ஒரு பெரிய தொகை கேட்டுக் கோப்பு அனுப்பினோம்.

பலன் என்ற தலைப்பில் நாங்கள் எழுதியது வழக்கமான விஷயம்தான்: களப்பணியாளர் ஒரு கம்பத்தைத் தேடிப்போகும் நேரம் குறையும், ஃபால்ட் இருக்கும் இடம் சீக்கிரம் தெரியும், முடிவெடுப்பது எளிதாகும். நிதிப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: "யாருடைய நேரம், எந்தச் செலவுத் தலைப்பில் குறைகிறது?"

கோபம் வந்தாலும் கேள்வி நியாயம்தான். மென்பொருள் விற்பவர்கள் கொடுத்த ஸ்லைடுகளில் பெரிய பெரிய சதவீதம் இருக்கிறது, ஆனால் அது எங்கள் புத்தகத்தில் எந்த வரியில் விழும் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. மின்சாரம், தண்ணீர், எரிவாயு எதுவாக இருந்தாலும் சரி, ஜிஐஎஸ்-ஆல் உண்மையாகவே காசு வந்ததையோ மிச்சமானதையோ நிதிப் பிரிவு ஒப்புக்கொள்ளும்படி காட்டியவர்கள் இருந்தால் எப்படிக் காட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நான் அந்தப் பென்சில் பிடிக்கும் பக்கத்தில் இருப்பவன், அதனால் நேராகவே சொல்கிறேன். நேரம் மிச்சமானால் அது பணம் இல்லை. ஒரு லைன்மேனுக்கு ஒரு நாளில் நாற்பது நிமிடம் மிச்சமானாலும் மாதக் கடைசியில் சம்பளம் அதேதான். அந்த நாற்பது நிமிடத்தால் ஓவர்டைம் குறைந்ததா, ஒப்பந்தக்காரர் பில் குறைந்ததா, காலியான பணியிடத்தை நிரப்பாமல் ஓட்ட முடிந்ததா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அந்தத் தலைப்பில் தொகையைக் குறைத்து எழுதுங்கள், சம்பந்தப்பட்ட பிரிவுத் தலைவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட அவர் தயங்கினால் அந்தப் பலன் இல்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

இதைவிட எங்களுக்குச் சட்டென்று புரிகிற இடம் ஒன்று உண்டு, ஜிஐஎஸ்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் வருவதே இல்லை. நிலையான சொத்துப் பதிவேடு. களத்தில் கழற்றி எடுத்துப்போன டிரான்ஸ்ஃபார்மர் பதிவேட்டில் இன்னமும் உயிரோடு இருக்கும், தேய்மானம் ஓடும், காப்பீட்டு மதிப்பில் சேரும், சொத்து வரி இருக்கும் இடத்தில் வரியும் கட்டுவோம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த வரி ஊராட்சி, பள்ளி மாவட்டம் போன்ற எல்லைகளின்படி மாறும். எந்தச் சொத்து எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியது ஜிஐஎஸ் மட்டும்தான், கணக்குப் புத்தகத்துக்கு இடம் தெரியாது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. களத்தில் நிற்கும், புத்தகத்தில் இல்லை. கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் நிறுவனங்களில், அங்கீகரிக்கப்பட்ட சொத்து மதிப்பின்மேல்தான் வருமானம் அனுமதிக்கப்படும். பதிவேட்டில் இல்லாத கேபிளுக்கு அது கிடைக்காது. இதைக் காட்டினால் எங்கள் ஆட்களே உங்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

ஆனால் இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கம்பம், கம்பி போன்றவற்றை நாங்கள் ஒவ்வொன்றாக வைத்துக்கொள்வதில்லை, நிறுவிய ஆண்டு வாரியாக மொத்தமாக வைத்திருப்போம். உங்கள் தரவில் நிறுவிய ஆண்டு காலியாக இருந்தால் ஒப்பிடவே முடியாது, எனவே சுத்திகரிப்பில் முதலில் நிரப்ப வேண்டியது தரவு அட்டவணையின் அந்தப் பத்திதான். அப்புறம், இல்லாத சொத்துகளை நீக்கும்போது அந்த ஆண்டு புத்தகத்தில் ஒரு நஷ்டம் விழலாம், அது பணம் வெளியே போகாத நஷ்டம்தான் என்றாலும் பெரிய தொகையாக இருந்தால் தணிக்கையாளர் கேள்வி கேட்பார். வருடக் கடைசியில் கொண்டுவந்து எங்கள் தலையில் போடாதீர்கள், தயவுசெய்து.

ஃபீடர்பக்கம்:

கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் மின் பகிர்மானத்தில் பெரிய காசு இழப்புக் கணக்கில் இருக்கிறது. இழப்பைக் குறைப்பதற்கு முன்னால் இழப்பு எங்கே இருக்கிறது என்று பொய் சொல்லாமல் காட்டுவதற்கே ஜிஐஎஸ் வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். 'அ' டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மாதத்தில் உள்ளே போனது 10,000 யூனிட், அதன் கீழ் இருப்பதாகப் பதிவான நுகர்வோருக்குப் போட்ட பில் 7,800 யூனிட். இழப்பு 22 சதவீதம். உடனே திருட்டு என்று முடிவுகட்டி ஆய்வுக் குழுவை அனுப்புவார்கள், அவர்கள் இரண்டு நாள் அலைந்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு வருவார்கள். பக்கத்தில் இருக்கும் 'ஆ' டிரான்ஸ்ஃபார்மரை யாரும் பார்ப்பதில்லை. அதில் உள்ளே போனது 6,000, பில் 7,500. இழப்பு மைனஸ் 25 சதவீதம். உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வருவதற்கு இயற்பியலில் வழியில்லை. ஏதோ ஒரு கோடையில் 'ஆ'-வில் சுமை ஏறியபோது சில இணைப்புகளை 'அ'-வுக்கு மாற்றியிருக்கிறார்கள், கம்பத்தில் மாறியது, பதிவில் மாறவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் கூட்டினால் 16,000 உள்ளே, 15,300 பில், இழப்பு 4.4 சதவீதம். அங்கே திருட்டே இல்லை.

அதனால் நான் முதலில் எடுக்கச் சொல்வது மைனஸ் பட்டியல். இழப்பு எதிர்மறையாக வரும் டிரான்ஸ்ஃபார்மர்களை வரைபடத்தில் ஒரு நிறத்தில் போடுங்கள், பக்கத்திலேயே அதிக இழப்பு காட்டுபவற்றை இன்னொரு நிறத்தில் போடுங்கள். ஜோடி ஜோடியாகத் தெரியும். அவற்றைத் தரவுப் பிழை என்று ஒதுக்கியபிறகு, பக்கத்தில் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் அதிக இழப்புதான் ஆய்வுக் குழு போக வேண்டிய இடம். குழுவின் எண்ணிக்கை அதே, வண்டி அதே, டீசல் அதே, பிடிபடும் தொகை கூடும். அந்தத் தொகை பில்லாக வருவாய்க் கணக்கில் விழும், நிதிப் பிரிவு அதை மறுக்க முடியாது.

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் இன்னும் எளிது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில், ஒரே ஃபேஸில் இருக்கும் மீட்டர்களின் மின்னழுத்தம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பதிவு ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்ல, மின்னழுத்தம் வேறொன்றோடு ஒத்துப்போனால் ஆள் அனுப்பாமலே சந்தேகப் பட்டியல் கிடைத்துவிடும். ஏற்கெனவே வாங்கிவைத்த மீட்டர் தரவுக்கு இது கூடுதல் பயன், புதிதாகச் செலவு அதிகம் இல்லை.

மீட்டரே இல்லாத சுமைகளையும் பாருங்கள். தெருவிளக்கு, சிக்னல் போன்றவற்றுக்குப் பல இடங்களில் எண்ணிக்கையை வைத்துத்தான் பில். அந்த எண்ணிக்கை என்றைக்கு எடுத்ததோ. கம்பங்களில் தொங்கும் மற்ற நிறுவனங்களின் கேபிளுக்கு வாடகை வசூலிப்பதாக இருந்தால், ஒப்பந்தத்தில் இருக்கும் கம்ப எண்ணிக்கையையும் களத்தில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மின்தடைக் குறியீடு சைடி என்பது நுகர்வோர் தடையில் இருந்த மொத்த நிமிடங்களை மொத்த நுகர்வோர் எண்ணிக்கையால் வகுப்பது, ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் சங்கத்தின் 1366 தரநிலையில் உள்ளபடி. எந்த நுகர்வோர் எந்த ஃபீடரில் என்பதே தப்பாக இருந்தால் அந்தக் குறியீடும் தப்பு. பிரிட்டனில் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நடத்தும் மின்தடை ஊக்கத்திட்டம் போல, குறியீட்டுக்குத் தகுந்தபடி வருவாயைக் கூட்டிக் குறைக்கும் விதி உங்களுக்கு இருந்தால் அந்தத் தப்புக்கு நேரடியாகவே ஒரு விலை இருக்கிறது.

நீர்வழி:

தண்ணீர் பக்கத்திலிருந்து. வருவாய் தராத நீரின், அதாவது குழாயில் விட்டும் பணம் வராத நீரின் அளவு உலகம் முழுக்க ஆண்டுக்கு 126 பில்லியன் கனமீட்டர், மதிப்பு 39 பில்லியன் டாலர் என்று 2019-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. கருத்தரங்கில் எல்லோரும் இந்த எண்ணைத்தான் முதல் ஸ்லைடில் போடுவார்கள். உங்கள் கோப்பில் போடாதீர்கள், அது உங்கள் நிறுவனத்துக்கு எதையும் சொல்லாது.

கோப்பில் போட வேண்டியது வேறு. சர்வதேச நீர்ச் சங்கத்தின் நீர்ச் சமநிலைக் கணக்கில் இழப்பு இரண்டு வகை. குழாய் கசிந்து மண்ணுக்குள் போவது உண்மை இழப்பு. மீட்டர் மெதுவாக ஓடுவது, பதிவில்லாத இணைப்பு, பில்லில் வரும் பிழை இதெல்லாம் தோற்ற இழப்பு. இரண்டுக்கும் ஒரே விலை போட்டுப் பெருக்குபவர்கள்தான் அதிகம், நிதிப் பிரிவில் ஒருவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே கோப்பு செத்துவிடும். தோற்ற இழப்பில் தண்ணீர் நுகர்வோரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம்தான் வரவில்லை, எனவே அதை விற்பனைக் கட்டணத்தில் கணக்கிடலாம். உண்மை இழப்பை நிறுத்தினால் மிச்சமாவது கூடுதலாக ஒரு கனமீட்டரை எடுத்துச் சுத்திகரித்துப் பம்ப் செய்யும் செலவுதான், அதாவது மின்சாரமும் குளோரினும் வாங்கும் நீரின் விலையும். அது கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். தட்டுப்பாட்டால் விற்க நீரே இல்லாமல் தவிக்கும் இடத்தில் மட்டும், மிச்சமான நீர் அப்படியே விற்பனைக்குப் போகும் என்பதால் அதற்கும் கட்டண விலை போடலாம். சின்ன எண்ணாக வந்தாலும் சரியான எண்ணைக் கொடுங்கள், அடுத்த முறை நம்புவார்கள்.

ஜிஐஎஸ் இதில் எங்கே வருகிறது என்றால், பகுதி வாரியாக மீட்டர் வைத்துப் பிரித்த மண்டலங்களில். நள்ளிரவு 2 முதல் 4 மணிக்குள் யாரும் அதிகம் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் உள்ளே போகும் ஓட்டத்தில் பெரும்பகுதி கசிவுதான். ஆனால் மண்டலத்தின் எல்லை வால்வு மூடியிருப்பதாக வரைபடம் சொல்லி, களத்தில் அது கால்வாசி திறந்திருந்தால் அந்த எண் முழுக்கக் குப்பை. எல்லை வால்வுகளின் நிலையைக் களத்தில் போய்ச் சரிபார்ப்பது மிகச் சலிப்பான வேலை, படமெடுத்துக் காட்டவும் அதில் ஒன்றுமில்லை, ஆனால் அதைச் செய்யாமல் எந்தக் கசிவுக் கணக்கும் நிற்காது.

இதைவிடப் பெரிய தொகை குழாய் மாற்றுவதில் இருக்கிறது. வயதை மட்டும் பார்த்து வரிசையாகத் தோண்டுவதுதான் பழைய பழக்கம். உடைந்த வரலாறு, குழாயின் பொருள், மண், அழுத்தம் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பழையதாக இருந்தும் நன்றாக இருக்கும் குழாயைத் தள்ளிப்போட முடியும். 1,000 ரூபாய் மூலதனச் செலவை 5 ஆண்டு தள்ளிப்போட்டால், 8 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் (பின்னால் செலவாகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விகிதம்) இன்றைய மதிப்பு சுமார் 680, எனவே 320 மிச்சம். ஒரே நிபந்தனை, அந்தத் திட்டம் இந்த ஆண்டு மூலதனப் பட்டியலிலிருந்து உண்மையாகவே வெளியே போயிருக்க வேண்டும். பட்டியலில் இருந்துகொண்டே "தள்ளிப்போட்டதாக" கணக்குக் காட்டினால் கணக்குப்பிள்ளை பென்சிலை எடுப்பார்.

இதற்கெல்லாம் தேவை, ஒவ்வொரு உடைப்பும் எந்தக் குழாயில் நடந்தது என்று பதிவாவது. பெரும்பாலான இடங்களில் வேலைச்சீட்டில் தெருப் பெயரும் கதவு எண்ணும்தான் இருக்கும். அந்தத் தெருவில் மூன்று குழாய் போனால்? குழாய் எண்ணைத் தேர்வு செய்யாமல் வேலைச்சீட்டை மூட முடியாதபடி செயலியில் வைத்துவிடுங்கள். முதலில் திட்டு விழும், பரவாயில்லை.

கம்பிவரைபடம்:

மிக்க நன்றி எல்லோருக்கும். மைனஸ் பட்டியலை நேற்றே ஓட்டிப் பார்த்தேன், ஜோடிகள் அப்படியே வந்து நிற்கின்றன. ஒரு சந்தேகம். மேலே இருப்பவர்கள் முதலில் மொத்தத் தரவையும் சுத்தம் செய்யுங்கள், பலன் அப்புறம் என்கிறார்கள். மொத்தத்துக்கும் கள ஆய்வு என்றால் அந்தச் செலவே திட்டத்தை விழுங்கிவிடும் போலிருக்கிறது.

பழையசர்வேயர்:

மொத்தமும் சுத்தம் செய்யவே கூடாது. செய்து முடிப்பதற்குள் முதலில் செய்தது பழசாகிவிடும். எந்தக் கணக்கில் காசு வரப்போகிறது என்று முடிவு செய்துவிட்டு, அந்தக் கணக்குக்குத் தேவையான பத்திகளை மட்டும் சுத்தம் செய்யுங்கள். இழப்புக்கு என்றால் மீட்டர், டிரான்ஸ்ஃபார்மர், ஃபேஸ். சொத்துப் பதிவேட்டுக்கு என்றால் நிறுவிய ஆண்டு, வகை, திறன். கம்பம் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வரைபடத்தில் நகர்த்திக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இந்த இரண்டு கணக்குக்கும் அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அதே இரண்டு மீட்டர் தரைக்கடியில் போகும் கேபிளில் என்றால் கதை வேறு, பொக்லைன் அதன்மேல்தான் இறங்கும்.

செலவுப் பக்கத்தில் ஒன்றை எல்லோரும் மறைக்கிறார்கள். உரிமக் கட்டணம் கண்ணுக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றியே பேசுவோம். உண்மையான செலவு புதிதாக நடக்கும் வேலைகளை வரைபடத்தில் ஏற்றிக்கொண்டே இருப்பதில். புது வேலையில் மின்சாரம் விட்ட நாளுக்கும் வரைபடத்தில் ஏறிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று ஒரே ஒரு அளவை எடுத்து மாதாமாதம் வெளியிடுங்கள். அது நீண்டுகொண்டே போனால் நீங்கள் இன்று சுத்தம் செய்வதெல்லாம் வீண். ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை, முடித்த வேலையின் வரைபடம் வந்து சரிபார்த்தபிறகுதான் விடுவிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதினால் பாதி பிரச்சினை தீரும்.

உரிமத்திலும் மிச்சம் பிடிக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. வரைபடத்தைத் திருத்துபவர்களுக்கான உரிமங்களில் மாதத்தில் எத்தனை உண்மையில் திறக்கப்படுகின்றன என்று பதிவு இருக்கும், எடுத்துப் பாருங்கள். வெறுமனே பார்ப்பவர்களுக்கு உரிமக் கட்டணம் இல்லாத க்யூஜிஐஎஸ் மென்பொருளும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளமும் போதும், இரண்டும் இருபது ஆண்டுக்கு மேலாக இருப்பவை. ஆனால் இலவசம் என்று நிதிப் பிரிவிடம் சொல்லாதீர்கள், பராமரிக்கத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

எனக்கு இன்னொரு வருத்தம், இந்தத் திரியில் யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை. 2010 செப்டம்பர் 9-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் பிஜி அண்ட் இ நிறுவனத்தின் 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். நிறுவனப் பதிவுகளில் அந்தத் துண்டு தையலில்லாத குழாய் என்று இருந்தது, தோண்டி எடுத்தபோது நீளவாட்டில் பற்றவைத்த குழாய், அந்தப் பற்றவைப்பிலும் குறை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரிய விசாரணையில் வெளிவந்தது இது. 2015-இல் கலிஃபோர்னியாவின் ஒழுங்குமுறை ஆணையம் விதித்த தண்டனைத் தொகை 1.6 பில்லியன் டாலர். வரைபடத்தில் ஒரு பத்தியில் இருக்கும் ஒரு சொல் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

சர்வேயர் சார் சொல்வது முக்கியம், ஆனால் அந்த 1.6 பில்லியனைப் பலன் கணக்கில் கூட்டாதீர்கள். நூறு ஆண்டில் ஒருமுறை நடக்கக்கூடியதற்கு நிகழ்தகவு போட்டு, தண்டனைத் தொகையால் பெருக்கி, ஆண்டுக்கு இவ்வளவு மிச்சம் என்று எழுதினால் அந்த நிகழ்தகவை எப்படிப் போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொல்ல முடியாது, மற்ற நல்ல எண்களும் அதோடு சேர்ந்து அடிபடும். தனிப் பக்கமாக வைத்து இடர் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். அதைப் படிப்பவர்கள் வேறு, அவர்களுக்குச் சதவீதம் தேவையில்லை. மண் தோண்டும்போது கேபிள் அறுபடுவது வேறு விஷயம், அதற்கு ஆண்டுதோறும் பழுதுச் செலவு புத்தகத்திலேயே இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடலாம்.

கம்பிவரைபடம் அவர்களே, உங்கள் கோப்பைத் திரும்ப எழுதும்போது இப்படிச் செய்து பாருங்கள். மொத்தத் தொகையும் கேட்காமல், மைனஸ் ஜோடிகள் அதிகமாக இருக்கும் சில ஃபீடர்களுக்கு மட்டும் கேளுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே அந்த ஃபீடர்களில் கடந்த 12 மாதங்களின் உள்ளீடு, பில் யூனிட், வசூல், ஆய்வுக் குழுவின் செலவு நான்கையும் எடுத்து நிதிப் பிரிவின் கையெழுத்தோடு பூட்டி வையுங்கள். ஸ்மார்ட் மீட்டர் திட்டமும் அதே ஃபீடர்களில் நடந்தால் வேறு ஃபீடர்களைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மிச்சத்தை இரண்டு திட்டமும் தன்னுடையது என்று சொல்லும், கடைசியில் இரண்டையும் நாங்கள் வெட்டுவோம்.

கம்பிவரைபடம்:

ஸ்மார்ட் மீட்டர் வராத ஃபீடர்கள் நான்கு இருக்கின்றன, அதில் இரண்டில் ஜோடிகள் அதிகம். 12 மாதத் தரவைக் கேட்டுப் பில்லிங் பிரிவுக்கு இன்று கடிதம் போகிறது. ஃபேஸ் விவரம் எங்களிடம் பாதிக்கு மேல் காலி, ஸ்மார்ட் மீட்டர் இல்லாமல் அதை எப்படி எடுப்பது என்று ஃபீடர்பக்கம் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஃபீடர்பக்கம்:

முதல் கட்டத்துக்கு ஃபேஸ் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் எது என்பது சரியானாலே இழப்புக் கணக்கு நிற்கும். மீட்டர் ரீடிங் எடுக்கப் போகிறவரிடம் கம்ப எண்ணையும் சேர்த்து எழுதிவரச் சொல்லுங்கள், எப்படியும் அந்த வாசலுக்கு அவர் போகத்தான் போகிறார். கம்பத்திலிருந்து மேலே டிரான்ஸ்ஃபார்மர் வரை வரைபடத்திலேயே பின்தொடரலாம். கம்ப எண் அழிந்திருக்கும் இடங்களில் மட்டும் தனியாக ஆள் அனுப்பினால் போதும்.